ஏழுமலையின் பெயரில் நான் சொன்னது

ஊமத்தை விஷத்தில் புத்தி கலங்கிக் கிடந்த ஒரு முதியவரிடம், வீட்டை விட்டுப் போன அவருடைய மகனாக நான் நடித்தேன். அவர் அந்த மகனிடம் மன்னிப்புக் கேட்டார். மகன் கொடுக்க வேண்டிய மன்னிப்பை நானே கொடுத்தேன். அவர் தெளிந்த பிறகு உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்பு வந்தது. அப்போதும் சொல்லவில்லை. அதன் விளைவாக அவர் சாவின் விளிம்பு வரைக்கும் போய்வந்தார்.

மலை ஆஸ்பத்திரிகளில் புதிதாக வேலைக்குச் சேரும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான். பாம்புக்கடியில் பிழைத்தவர்களைப் பற்றியும் சிக்கலான பிரசவங்களைப் பற்றியும் வேறு யாராவது எழுதட்டும். எழுதுவதற்கு நல்ல விஷயங்கள் நிறைய உண்டு.

பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளை ஜவ்வாது மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராகக் கழித்தேன். இப்போது கண்ணமங்கலத்தில் இருக்கிறேன். மாடியில் துணி காயப்போடப் போனால் மலை தெரியும். மேகம் இறங்கி மலை மறைந்துவிடும் நாட்களில் துணியை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். கீழே இருந்து கூப்பிட்டால்தான் நினைவு வரும்.

இல்லாததை இருப்பதாகக் காட்டும் பொருட்களைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனால் அவை எல்லாம் ஒன்றல்ல. விடுமுறை நாட்களில் பைக்கில் மலையேறி வரும் பட்டணத்துப் பிள்ளைகள் சிலர், காளான் என்றும் வேறு என்னென்னவோ பெயரிலும் எதையாவது தின்றுவிட்டு எங்களிடம் வந்து சேர்வார்கள். அவர்களில் ஒருவன் சுவரையே பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னான்: "சார், சுவர் மூச்சு விடுது. சுவர் மூச்சு விடாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா விடுது." அவனுக்குள் ஒரு காவலாள் இன்னும் விழித்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைத்து, உடம்பைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதை பெரும்பாலும் இறங்கிவிடும்.

ஊமத்தை அப்படியில்லை. அது முதலில் அந்தக் காவலாளைத்தான் அடித்துப் போடும். அதைத் தின்றவருக்குத் தான் பார்ப்பது மயக்கம் என்ற எண்ணமே இருக்காது. செத்தவர் எதிரில் வந்து உட்கார்ந்தால் சாப்பிட்டாயா என்று கேட்பார். உடம்பு ஒரு பக்கம் வேகும். வாய் காய்ந்து நாக்கு ஒட்டும், தோல் சுடும், வியர்வை இருக்காது, கண்மணி விரிந்து கறுப்பு மட்டுமே தெரியும், நாடி ஓடும், சிறுநீர் அடைத்து அடிவயிறு கல்லாகும். இன்னொன்றும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்: தெளிந்த பிறகு அவர்களுக்கு அநேகமாக எதுவும் நினைவிருக்காது. நான் நம்பியது அந்த வரியைத்தான்.

பொன்னன் இளைப்பு நோயாளி. நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர்க்காரர். கொஞ்சம் சாமைக் கொல்லையும் நாலைந்து புளியமரங்களும் வைத்திருந்தார். மூச்சு முட்டும்போது ஊமத்தை இலையைக் காயவைத்துப் புகைப்பது அந்தப் பக்கத்துப் பழக்கம். புகைத்தால் மார்பு சற்று விரியும் என்பதும் உண்மைதான். நான் கொடுத்த இன்ஹேலர் தீர்ந்துபோன ஒரு மழைநாளில், புகைத்துப் பார்த்தும் அடங்காமல், இலையைக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டார்.

ஜீப்பில் தூக்கிவந்தார்கள். கூட அவர் மனைவி குப்பம்மா. பொன்னன் யாரையும் பார்க்கவில்லை. கட்டிலில் போட்டதும் விரிப்பின் மேலிருந்து புளியம்பழம் பொறுக்க ஆரம்பித்தார். இல்லாத பழத்தின் ஓட்டை விரலால் உடைத்து, இல்லாத கொட்டையை எடுத்து ஓரமாகப் போட்டார். அவ்வளவு பதமான கைவேலை. ஊசி போட நெருங்கினால் மட்டும் உதறினார். ஒல்லியான மனிதருக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, செவிலியர் ஆரோக்கியமேரியின் கண்ணாடி எகிறி மருந்து அலமாரிக்குக் கீழே போனது.

கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால் வழியில் மரம் விழுந்து ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. நரம்பில் ஊசி ஏற்றியாக வேண்டும். இளைப்புக்காரரைப் பலவந்தமாக அமுக்கிப் பிடித்தால் மூச்சு நின்றுபோகலாம். வாசலில் நின்று அழுதுகொண்டிருந்த குப்பம்மாவை, இடைஞ்சலாக இருக்கும் என்று, நான்தான் வெளியே அனுப்பியிருந்தேன்.

அப்போது பொன்னன் என் முகத்தைப் பார்த்தார். முதல் தடவையாக எதையோ நிலைத்துப் பார்த்தார்.

"ஏழுமல, எப்படா வந்த?"

ஆரோக்கியமேரி என் காதருகே சொன்னார்: "அவரோட பையன், டாக்டர். வூட்ட வுட்டுப் போயி வருஷக்கணக்காகுது. எங்க இருக்கான்னே தெரியாது."

எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவர் இருந்தார். புத்தி கலங்கியவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "அவர் பார்ப்பதை இல்லை என்று சண்டை போடாதே. நீயும் அதற்குள் போய் உட்காராதே. நீ யார், அவர் எங்கே இருக்கிறார், இந்த இரண்டை மட்டும் சொல்லிக்கொண்டே இரு." நினைவிருந்தும் நான் வேறு வழியில் போனேன். அது குறுக்குவழியாக இருந்தது.

"இப்பதாம்பா வந்தேன். கையை நீட்டுங்க" என்றேன்.

கையை நீட்டினார். குழந்தை மாதிரி. ஊசி ஏறியது. நீர் இறங்க ஆரம்பித்தது. அதோடு நான் நகர்ந்திருக்கலாம். அவர் என் கையை விடவில்லை. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தோம், தூக்க ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். அவர் பேசிக்கொண்டே இருந்தார். சாயங்காலத்துக்குள் சூடு குறைந்தது, நாடி அடங்கியது, பேச்சும் தணிந்தது. அப்போதுதான் கேட்டார்.

"ஊர்க்கூட்டத்துல அத்தினி பேர் முன்னால உன்ன அடிச்சிருக்கக் கூடாதுடா. ஆடு கொல்லையில பூந்ததுக்குப் போயி, வயசுப் புள்ளய. தப்புதான். மனசுல வெச்சிக்கினு கீறியா?"

"இல்லப்பா. மறந்துட்டேன்."

"நெசமா?"

"நெசமா."

"இனிமே போவமாட்டியே?"

"போவமாட்டேன்."

அவருடைய பேச்சையே நான் பேசினேன். அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருப்பதாகக்கூட எனக்குத் தோன்றியது. அவர் கண்ணை மூடித் தூங்கினார். நான் கையை மெதுவாக உருவிக்கொண்டு போய்த் தேநீர் குடித்தேன். நன்றாகச் சமாளித்தோம் என்று ஆரோக்கியமேரியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இங்கே நிதானித்துக் கவனியுங்கள். மயக்கம் உச்சத்தில் இருந்தபோது அவர் பார்த்ததெல்லாம் அழிந்துபோனது. புளியம்பழம் பொறுக்கியது, ஜீப்பில் வந்தது, கண்ணாடியைத் தட்டிவிட்டது எதுவும் அவருக்கு நினைவில்லை. நான் பேசிய கடைசிப் பேச்சு மட்டும் அவர் பாதி தெளிந்திருந்தபோது நடந்தது. அதில் மயக்கம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் உண்மையான ஒரு குரல், உண்மையான ஒரு கை. அது அழியவில்லை.

சில வாரம் கழித்து இருவரும் இன்ஹேலர் வாங்க வந்தார்கள். பொன்னன் முகத்தில் நான் அதுவரை பார்க்காத வெளிச்சம். குப்பம்மா அவரை மருந்து வாங்கும் வரிசையில் நிறுத்திவிட்டு என் அறைக்கு வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். ஏழுமல ஆஸ்பத்திரிக்கு வந்தானா?"

"ஏம்மா?"

"வந்தான், கையப் புடிச்சினு ஒக்காந்திருந்தான், கோவமெல்லாம் போச்சுன்னு சொன்னான்னு ஊரெல்லாம் சொல்லினு திரியறாரு. வெளிய நின்ன என் கண்ணுக்குப் படாம எப்டி வந்தான், எப்டிப் போனான்னு கேட்டா, உனக்கின்னாடி தெரியும்ங்கறாரு. தெனம் ஜீப்பு நிக்கற எடத்துல போயி ஒக்காந்துக்கறாரு."

ஒரு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். அவரைக் கூப்பிட்டு, அது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். வெளியே கூட்டம் நின்றது. எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருடைய அந்த முகத்தைக் கலைக்க மனமும் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் காப்பாற்றியது என் முகத்தைத்தான்.

"அது விஷத்தோட வேலைம்மா. போகப் போகச் சரியாயிடும்."

"அப்போ அவன் வரலை."

"மயக்கத்துல அப்படித்தான் தோணும்."

நேராகப் பதில் சொல்லாமல் நழுவியதை அவர் கவனித்தார் என்று நினைக்கிறேன். "சரிங்க சார்" என்று எழுந்து போனார்.

அந்த வார்த்தையை அவர் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். விஷத்தின் வேலை. பொன்னன் அதைத் தன் போக்கில் புரிந்துகொண்டார். விஷம் குடித்தபோதுதான் மகன் வந்தான் என்றால், மகனைப் பார்க்க அதுதான் வழி. புளி உலுக்கும் பருவத்தில், எல்லாரும் மரத்தடியில் இருந்தபோது, ஊமத்தங்காயை விதையோடு தின்றுவிட்டார். பக்கத்துக் கொல்லைக்காரர் கேட்டதற்கு, "எம்புள்ளயப் பாத்துட்டு வர்றேன்" என்று சொன்னாராம்.

இந்தத் தடவை வரும்போதே வலிப்பு. உடம்பு அடுப்பு மாதிரி இருந்தது. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்று சேதி வந்தது. அது வரும்வரை அவரை வைத்திருக்க வேண்டும். நான் குப்பம்மாவை உள்ளே கூப்பிட்டேன்.

பொன்னன் கண்ணைத் திறந்து என்னைத்தான் தேடினார். "ஏழுமல."

"நான் டாக்டர். நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க."

"ஏழுமல, வாடா."

"நான் டாக்டருங்க. பயப்படாதீங்க."

அவர் என் கையைத் தள்ளினார். "நீ போய்யா. எம்புள்ளயக் கூப்புடு."

ஊசி ஏறவில்லை. மறுபடியும் அந்த ஒரு சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் உடனே கையை நீட்டியிருப்பார். நான் சொல்லவில்லை என்பதைப் பெருமையாக எழுதவில்லை. சொல்லாமல் இருந்த அந்தச் சில நிமிடங்களில் அவர் போய்விட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களும் அப்படி நிற்கும் நாள் வரும்.

குப்பம்மா அவர் தலைமாட்டில் போய் நின்றார்.

"இன்னாய்யா கூத்து இது? படு."

"நீ எதுக்குடி இங்க வந்த?"

"உன்னக் கட்டிக்கினேனே, அதுக்குத்தான். கைய நீட்டு."

"புள்ள எங்கடி?"

"புள்ள இல்ல. நான்தான் கீறேன். கைய நீட்டுய்யா, கெழவா."

நீட்டினார். முணுமுணுத்துக்கொண்டே நீட்டினார். முதல் தடவையே இந்தக் குரல் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான்தான் கதவைச் சாத்தியிருந்தேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து, நாக்கு குழறலோடும் நடையில் ஒரு தள்ளாட்டத்தோடும் திரும்பி வந்தார். நாளாக நாளாக அந்த இரண்டும் தேறின.

அவர் வீடு சேர்ந்தது தெரிந்ததும் போனேன். ஜீப் போகும் வரை ஜீப்பில், மீதி நடந்து. வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. குப்பம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டிப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நலம் விசாரிப்பதில் பேச்சு போய்விடும் என்று பயந்தேன்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில உங்க கையைப் பிடிச்சது ஏழுமலை இல்லைங்க. நான். மறந்துட்டேன்னு சொன்னதும் நான்தான். ஊசி போடறதுக்காக அப்படிப் பேசினேன். அப்புறமும் மறைச்சேன்."

பொன்னன் என்னையே பார்த்தார். பிறகு கையை நீட்டி என் வலது கையை வாங்கிக்கொண்டார். உள்ளங்கையைத் திருப்பிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"இவ்ளோ மெத்துனு இருக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அவன் கை கோடாலி புடிச்ச கையி."

கையை விட்டார். பிறகு கேட்டார்: "அப்போ அவன் மன்னிக்கலியா?"

"எனக்குத் தெரியாதுங்க."

குப்பம்மாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. சத்தம் போடவில்லை. "படிச்சவங்க நீங்க. ஊசி போட என்ன வேணா சொல்லுங்க, கைய நீட்டு, காலை நீட்டுன்னு. எங்க வூட்டு வெவகாரத்துல 'மறந்துட்டேன்'னு சொல்ல நீங்க யாரு சார்? அடி வாங்கினது நீங்களா?"

 ஏழுமலையைத் தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவன் கடைசியாகக் குடகுப் பக்கம் காபித் தோட்ட வேலைக்குப் போனதாக அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"தேடி இன்னா பண்ணப் போறீங்க?" என்றார் குப்பம்மா. "வழி தெரியாத புள்ளயா அவன்?"

ஆனாலும் அவனுடைய படம் இருந்த பழைய போனை உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தவர் அவர்தான்.

பணி ஓய்வு பெற்ற பிறகு கிளம்பினேன். முதல் இரண்டு பயணமும் வீண். மலையாளம், கன்னடம், தமிழ் என்று எல்லா மொழிக்காரர்களும் வந்து போகும் தோட்டங்கள். ஒரு முகத்தை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? மூன்றாவது தடவை, ஒரு தோட்டத்தில் கூலிக்காரர்களுக்குச் சமைத்துப் போடும் தருமபுரிப் பக்கத்துப் பெண்மணி அந்தப் பழைய போனை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். "இவனா? ஒரு பருவம் இங்க இருந்தான். அப்புறம் கேரளா பக்கம் போறேன்னு போய்ட்டான். யாரோட போனான்னு தெரியாது." ஊரைப் பற்றி, அப்பா அம்மாவைப் பற்றி ஏதாவது பேசுவானா என்று கேட்டேன். யோசித்தார். "இல்லங்க. அதெல்லாம் பேசமாட்டான்." வேறு என்ன நினைவிருக்கிறது என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். சிரித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார்.

திரும்பி வரும் பேருந்து முழுக்க ஒரே யோசனை. 'அப்பா நினைப்பாகவே இருப்பானாம்' என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் யாருக்கு நட்டம்? அந்தப் பெண்மணியைத் தேடிப் போய் யாரும் கேட்கப்போவதில்லை. கிழவருக்கு இன்னும் எத்தனை காலம்? ஊசி போடும் அவசரத்தில் சொன்ன பொய்யைவிட இது நல்ல பொய் என்றுகூடத் தோன்றியது. அந்த வாக்கியத்தை மனத்தில் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன் என்பதையும் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

மலைக்குப் போனேன். இருவரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்த தோட்டம், சமைக்கும் அம்மா, ஒரு பருவம் வேலை செய்தது, கேரளா பக்கம் போனது எல்லாம் சொன்னேன்.

"எங்களப் பத்தி எதுனா சொன்னானாமா?" என்றார் பொன்னன்.

"இல்லைங்க."

"நான் அடிச்சதப் பத்தி?"

"அதுவும் பேசலையாம்."

அவர் தலையை ஆட்டினார். வேறு ஏதாவது நான் சொல்லமாட்டேனா என்று காத்திருந்தார். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். சொல்ல வெட்கமாகக்கூட இருந்தது.

"சாப்பிட்டு முடிச்சதும் தட்டைக் கழுவமாட்டானாம். அப்படியே கவுத்து வெச்சுட்டுப் போயிடுவானாம். அந்த அம்மா தினமும் திட்டுவாங்களாம்."

குப்பம்மா நிமிர்ந்தார்.

"எரும" என்றார். "இங்கயும் அப்டித்தான் சார். எறும்பு மொய்க்குதுடா, கழுவி வெய்டான்னு எத்தினி தபா சொல்லிக்கிறேன். அங்க போயும் ஒரு பொம்பளைய வேல வாங்கிக்கிறான் பாரு." சொல்லிக்கொண்டே முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"கவுத்தா வெச்சான்? கழுவாமயா?" என்று கேட்டார் பொன்னன்.

"ஆமாங்க."

"அப்போ அது அவந்தான்."

அதற்குப் பிறகு அவர் ஊமத்தையைத் தொடவில்லை, புகைக்கக்கூட. இன்ஹேலரை ஒழுங்காக இழுக்கிறார். ஏழுமலை வரவில்லை. நானும் இன்னும் ஒரு தடவை கேரளா பக்கம் போய்வந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. போய்வந்ததையும் கிடைக்காததையும் அப்படியே சொன்னேன்.

பக்கத்து வீட்டு போனிலிருந்து இப்போதும் எப்போதாவது பொன்னன் என்னைக் கூப்பிடுவார். இளைப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார், மழையைப் பற்றிக் கொஞ்சம். பிறகு, "சார், அந்தத் தட்டு சமாச்சாரத்த இன்னொரு தபா சொல்லுங்க" என்பார். சொல்வேன். சமைத்த அம்மா, சாப்பாடு, கவிழ்ந்த தட்டு, திட்டு. மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும்.

"வேற ஒண்ணும் இல்லியே?"

"இல்லைங்க."

"சரி" என்று சொல்லி வைத்துவிடுவார்.